கண்ணாடி கழற்றும் முன் ஒரு நிமிடம்: லேசர் சிகிச்சை பற்றி ஒரு சேரின் மனக்குறை



பதிவு கொஞ்சம் நீளம். கலியாண வயதில் கண்ணாடி போட்ட பிள்ளை உள்ள வீடுகள் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மஃரிபுக்குப் பிறகு, என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மா வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்கு வயது 22. ஓ.எல். வகுப்பில் முன் வரிசையில் இருந்து, கண்ணாடியை மூக்கில் தள்ளித் தள்ளி போர்டைப் பார்த்து எழுதிய பிள்ளை.

"சேர், புள்ளைக்கு ஒரு நல்ல இடம் பொருந்தி வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டில எல்லாம் புடிச்சிட்டுதாம். கண்ணாடி ஒண்டுதானாம் குறை. லேசர் செஞ்சா கழட்டிரலாமாமே? கொழும்பில ஒரு இடத்தில ரெண்டு கண்ணுக்கும் சேத்துக் கழிவு போட்டிருக்காங்க. இந்த மாசம் முடிய முந்திச் செய்யணுமாம்."

அந்த உம்மா என்னிடம் கேட்க வந்தது, காசு கட்டலாமா என்றுகூட இல்லை. "சேருக்குக் கொழும்பு தெரியும், தங்குவதற்கு ஒரு இடம் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. எடுத்தது பிள்ளை அல்ல, மாப்பிள்ளை வீடு.

நான் டொக்டர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு வாத்தியார். ஆனால் 8ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி போடுகிறவன். ஒரு காலத்தில் லேசர் செய்யப் போய்த் திரும்பி வந்தவன். அந்த அனுபவத்தோடும் அந்தப் பிள்ளையின் அனுமதியோடும் எழுதுகிறேன். பேரையும் ஊரையும் எழுதவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேசர் சிகிச்சைக்கு நான் எதிரி இல்லை. சரியான ஆளுக்குச் சரியான கையால் செய்தால் அது நல்ல சிகிச்சை. எங்கள் ஊரிலேயே செய்து சந்தோசமாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். என் குறை, தெரியாமல் செய்வதைப் பற்றியது.

இது என்ன சிகிச்சை?

கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு படை இருக்கிறது. விழிவெண்படலம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இறந்தவர்களின் கண்ணிலிருந்து தானமாக எடுத்து, இலங்கையிலிருந்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்களே, அதே படலம்தான். அதன் தடிப்பு நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். குறும்பார்வை உள்ளவருக்கு ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். லேசரால் இந்தப் படலத்தின் நடுப்பகுதியைக் கொஞ்சம் சுரண்டித் தட்டையாக்கினால் ஒளி சரியான இடத்தில் விழும். கண்ணாடி செய்த வேலையைக் கண்ணிலேயே செதுக்கிவிடுவது. அவ்வளவுதான்.

இந்த லேசரின் கதையில் நம் மொழிக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு பெயர் உண்டு. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் இருந்தவர். 1981 இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மிச்சத்தைக் கொண்டுவந்து எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்தில் கருகாமல், வெட்டினாற்போல் சுத்தமாகச் செதுக்கியது. கண் சிகிச்சைக்கு வழி திறந்தது அங்கேதான்.

இப்போது மூன்று விதமாகச் செய்கிறார்கள். லேசிக் என்பதில் படலத்தின் மேல்பகுதியை ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே லேசர் அடித்து, மூடியைத் திரும்ப வைப்பார்கள். பி.ஆர்.கே. என்பதில் மூடி இல்லை. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் அடிப்பார்கள். மூன்று நான்கு நாள் நல்ல நோவு இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்காகும். ஸ்மைல் என்பதில் சின்னத் துவாரம் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுப்பார்கள். மூன்றுக்கும் கண்ணில் மருந்துத் துளி விட்டு மரக்கச் செய்வதுதான் மயக்கம். சில நிமிட வேலை. சில நிமிட வேலை என்பதால்தான் நம் ஆட்கள் பல்லுப் பிடுங்குவது மாதிரி நினைத்துவிடுகிறார்கள்.

கணக்குப் பாடம் ஒன்று

ஒரு மில்லிமீற்றருக்கு 1000 மைக்ரோன். சாதாரணமாக ஒருவருக்கு விழிவெண்படலம் 540 மைக்ரோன் அளவில் இருக்கும். லேசிக்கில் திறக்கிற மூடி ஏறத்தாழ 110 மைக்ரோன். நாம் பரீட்சைப் பேப்பர் அடிக்கிற ஏ4 தாளின் தடிப்பு. ஒரு டயோப்டர் பவரைக் குறைக்க 12 முதல் 15 மைக்ரோன் வரை சுரண்ட வேண்டும்.

மைனஸ் 6 உள்ளவருக்கு 90 மைக்ரோன் என்று வைப்போம். 540 இல் 110 போய், 90 போய், மிச்சம் 340. பாதுகாப்பு.

இன்னொருவருக்குப் படலம் 480. பவர் மைனஸ் 8. சுரண்டுவது 120. மூடி 110. மிச்சம் 250. இந்த 250தான் விளிம்பு. அதற்குக் கீழே போகக்கூடாது என்பது பொது விதி. 300 ஆவது மிஞ்ச வேண்டும் என்று பார்க்கிற டொக்டர்மார் நிறையப் பேர்.

விளிம்பு தாண்டினால் என்ன? கண்ணுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருக்கிறது. மெலிந்த படலம் அந்த அழுத்தம் தாங்காமல், காற்று அடைத்த பந்தின் பலவீனமான இடம் போல முன்னுக்குப் புடைக்கத் தொடங்கும். பார்வை கோணலாகும். பிறகு கண்ணாடியும் சரிவராது. முற்றினால் இன்னொருவரின் விழிவெண்படலம் வைக்கிற நிலைமைகூட வரும். அரிதுதான். ஆனால் அந்த அரிதானவர் யார் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அதற்குத்தான் பரிசோதனை.

பிள்ளைக்கு என்ன நடந்தது?

கழிவு போட்ட இடத்தில் ஒரு மெஷினில் பவர் பார்த்தார்கள். தடிப்புப் பார்த்தார்கள். "செய்யலாம், முற்பணம் கட்டுங்க" என்றார்கள். பிள்ளைக்குக் கடைசி ஒரு வருடத்துக்குள் பவர் கூடியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து கண் அரிப்பு, எந்நேரமும் கசக்குகிற பழக்கம். அதையும் யாரும் கேட்கவில்லை.

நான் உம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "காசு கட்ட முந்தி, சத்திரசிகிச்சை செய்து காசு உழைக்காத ஒரு டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்க."

காட்டினார்கள். அந்த டொக்டர் படலத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைபடமாக எடுக்கச் சொன்னார். பின்பக்கத்தில் ஒரு புடைப்புத் தொடங்கியிருந்தது. கெரட்டோகோனஸ் என்கிற நோயின் ஆரம்பம். விழிவெண்படலம் தானாகவே மெலிந்து கூம்பு மாதிரி வருவது. கண்ணைக் கசக்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இந்தக் கண்ணுக்கு லேசிக் செய்வது, உழுத்துப்போன வளையில் கூரையைத் தூக்கி வைப்பது மாதிரி.

இரண்டு வாரம் பிந்தாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளையின் கண் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அல்ஹம்துலில்லாஹ். லேசர் செய்யப் போனதால்தான் நோயும் பிடிபட்டது. இப்போது கொலாஜன் குரொஸ் லிங்கிங் என்ற சிகிச்சை செய்து நோய் மேலும் வளராமல் நிறுத்தியிருக்கிறார்கள். பவர் போகவில்லை. கண்ணாடியும் போகவில்லை. கண் இருக்கிறது.

"செய்ய ஏலாது" என்று சொன்ன அந்த டொக்டரை மாப்பிள்ளை வீட்டார் ஏசினார்களாம். என்னைக் கேட்டால், உங்களுக்கு ஏலாது என்று சொல்லத் தெரிந்த டொக்டரிடம்தான் கண்ணைக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஏலும் என்று சொல்கிறவர் வியாபாரி.

யார் யார் பொறுக்க வேண்டும், யார் யார் விட வேண்டும்?

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேண்டாம். ஏ.எல். முடிந்த கையோடு ஓடுவதும் நல்லதல்ல. குறைந்தது ஒரு வருடம் பவர் மாறாமல் நிற்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எறியாமல் வையுங்கள், அதுதான் சாட்சி.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பொறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பவர் மாறும், கண்ணும் காயும். கட்டுப்படாத சீனி வருத்தம், வாதமூட்டு வருத்தம், லூபஸ், கடுமையான கண் வரட்சி, கண்ணில் ஹெர்பிஸ் வந்த வரலாறு, குளுக்கோமா, இவை எதுவும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை எடுக்கிற பிள்ளைகளும் சொல்ல வேண்டும். கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் அதை நிறுத்த வேண்டும். மெதுவான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமானது என்றால் இன்னும் கூட. லென்ஸ் படலத்தின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும், அளவு பிழைக்கும்.

40ஐ நெருங்குகிற என் வயதுக்காரர்களுக்கு என் கதை. எனக்கு மைனஸ் 3. 39 வயதில் லேசர் செய்யலாம் என்று போனேன். டொக்டர் கேட்டார்: "பேப்பர் திருத்தும்போது என்ன செய்வீங்க, சேர்?" "கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுத்தான் திருத்துவன்" என்றேன். சிரித்தார். "லேசர் செஞ்சா அதை இழப்பீங்க. தூரம் தெரியும். ரெண்டு மூணு வருஷத்தில கிட்டப் பாக்கக் கண்ணாடி போடுவீங்க. உங்கட தொழிலுக்கு எது வேணும்?" என்றார். நாற்பதுக்குப் பிறகு கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதை இந்த லேசர் தடுக்காது. யோசித்தேன். திரும்பி வந்தேன். இன்றும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேப்பர் திருத்துகிறேன்.

செய்த பிறகு என்ன வரும்?

மிகைப்படுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அமெரிக்க எஃப்.டி.ஏ. நிறுவனம், அங்குள்ள தேசிய கண் நிறுவகத்தோடும் பாதுகாப்புத் திணைக்களத்தோடும் சேர்ந்து செய்த ஆய்வு 2017 இல் வெளியானது. லேசிக் செய்த 574 பேர். 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றார்கள். இது விளம்பரத்தில் வரும். விளம்பரத்தில் வராதது: முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதமானோருக்கு, மூன்று மாதம் கழித்து ஒளிவட்டம், கூச்சம், இரட்டைத் தோற்றம் போன்று ஏதாவது ஒன்று புதிதாக வந்திருந்தது. முன்பு கண் வரட்சி இல்லாதவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு வரட்சி வந்திருந்தது. இதனால் அன்றாட வேலைக்குப் பெரும் கஷ்டம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. கண்ணாடியோடு இருந்தபோது இருந்த தொந்தரவு போனது என்றவர்களும் உண்டு.

இரவில் எதிர் லைட் வெளிச்சத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர், இரவு லொறி ஓடுகிறவர், இந்த ஒளிவட்ட விசயத்தைக் கேட்காமல் செய்யவே கூடாது. நாள் முழுக்க கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவர், தையல் மெஷினில் இருப்பவர் வரட்சியைப் பற்றிக் கேட்க வேண்டும். படலத்தின் நரம்புகள் வெட்டுப்படுவதால் வருகிற வரட்சி இது. அநேகமானோருக்கு ஆறு மாதத்துக்குள் குறையும். சிலருக்கு நிற்கும்.

லேசிக் மூடி முழுமையாக ஒட்டிப் பழையபடி ஆவதில்லை. வருடங்கள் கழித்தும் கண்ணில் பலத்த அடி பட்டால் விலகலாம். கராத்தே, குத்துச்சண்டை, கபடி என்று இருக்கிற பொடியன்மார் மூடி இல்லாத முறையைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொரு பெரிய தப்பு எண்ணம்: "லேசர் செஞ்சாச்சு, இனிக் கண் சுகம்." இல்லை. பவர் கூடிய கண், நீண்ட கண். விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் முன்பக்கத்தை மட்டும்தான் மாற்றியது. திடீரென்று மின்னல் வெட்டினாற்போல் ஒளி, கண்முன்னே கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக, ஒரு திரை மறைப்பது, இவை வந்தால் லேசர் செய்தவரும் அன்றைக்கே ஓட வேண்டும்.

சிகிச்சைக்கு முன் எடுத்த எல்லா அளவுகளையும் பிரதி எடுத்து, காணி உறுதி மாதிரி வையுங்கள். லேசர் செய்த கண்ணில் கண் அழுத்தம் அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பின்னாளில் வெண்புரைக்கு வில்லை வைக்கும்போதும் கணக்குப் பிழைக்கும். பழைய அளவு இருந்தால் அந்த டொக்டருக்குப் பேருதவி.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் படலத்தின் தடிப்பு எத்தனை மைக்ரோன்? சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்?
2. முன்பக்கம், பின்பக்கம் இரண்டினதும் வரைபடம் எடுத்தீர்களா? பிரதி தருவீர்களா?
3. எனக்குக் கண் வரட்சி இருக்கிறதா என்று சோதித்தீர்களா? விழித்திரை பார்த்தீர்களா?
4. மூன்று முறைகளில் எனக்கு எது, ஏன்? இவை சரிவராவிட்டால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பொருந்துமா?
5. சத்திரசிகிச்சை செய்யப்போவது யார்? அவரை நான் முன்கூட்டியே சந்திக்கலாமா? இலங்கை மருத்துவச் சபையில் பதிவுள்ள நிபுணரா?
6. பவர் மிஞ்சினால் அல்லது திரும்பி வந்தால் இரண்டாம் முறைக்குக் காசு உண்டா?
7. சிக்கல் வந்தால் இரவு 2 மணிக்கு நான் யாருக்குப் போன் எடுப்பது?

கடைசிக் கேள்வி நம் பக்கத்து ஆட்களுக்கு மிக முக்கியம். கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறோம். சிலர் மதுரைக்கும் சென்னைக்கும் போகிறார்கள். செய்த அடுத்த நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். டிக்கட் காசு, தங்கும் காசு, லீவு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கழிவுப் பலகையில் எழுதியிருப்பது மட்டும் கணக்கில்லை. நோவு கூடினால், சிவந்தால், பார்வை மங்கினால் கொழும்புக்குப் போகும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்து அரச வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சில நடைமுறைகள். செய்த பிறகு கண்ணைக் கசக்கவே கூடாது. டொக்டர் சொல்லும் நாள் வரை கண்ணுக்குள் தண்ணீர் போகக்கூடாது. கடல், குளம், ஆறு எல்லாம் இன்னும் பிந்தித்தான். சுருமா வேண்டாம். வயல் வேலை, நெல் தூற்றுவது, தூசு, அடுப்புப் புகை தள்ளி வையுங்கள். வுழூவுக்கு என்ன செய்வது, நோன்பில் மருந்துத் துளி விடலாமா என்பதை முதலிலேயே உங்கள் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. தானாக முடிவெடுத்து மருந்தை நிறுத்தாதீர்கள். அந்தத் துளிகளில் ஸ்டீரோயிட் இருக்கும். நல்லது என்று சொல்லப்பட்ட நாளைத் தாண்டியும் விட்டால் கண் அழுத்தம் கூடும்.

இனி என் மனக்குறை

காசும் பொறுமையும் தகுதியான கண்ணும் உள்ள ஒருவர், தனக்காக விரும்பிச் செய்தால் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் ஒரு பிள்ளை தன் கண்ணில் லேசர் வைப்பது இன்னொரு வீட்டாரின் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்கு என்றால், அது சிகிச்சை இல்லை. சீதனத்தில் இன்னொரு வகை. காணி கேட்டோம், வீடு கேட்டோம், இப்போது கண்ணில் 100 மைக்ரோன் கேட்கிறோம்.

அதுவும் பெண் பிள்ளையிடம் மட்டும்தான் கேட்கிறோம். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளைக்கு "படிச்ச முகம்" என்று பேர். அதே கண்ணாடி பெண்ணின் முகத்தில் இருந்தால் குறை. இந்த ஊரில் கண்ணாடி போட்டுப் படித்த பிள்ளைகள்தான் இன்று நம் உம்மாமாருக்கு பிரஷர் பார்க்கிறார்கள், நம் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள்.

இதற்குப் பயந்து கண்ணாடி போடாமல் மறைக்கிற பிள்ளைகளை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பின் வரிசையில் இருந்து பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். கேட்டால், "உம்மா போட வேணாம் எண்டு சொன்ன, சேர்" என்பார்கள். கணக்கில் தோற்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கணக்கு விளங்கவில்லை, எத்தனை பேருக்குப் போர்டு விளங்கவில்லை என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. கண்ணில் வருத்தமாம் என்று ஊரில் இரண்டு மாதம் பேச்சு. பிள்ளை அழுதது, உம்மா அதைவிட அழுதார். போன வாரம் பிள்ளை எனக்கு மெசேஜ் போட்டிருந்தாள். வேலை கிடைத்திருக்கிறது, முதல் சம்பளத்தில் புதுக் கண்ணாடி எடுக்கப் போகிறாளாம். "இந்த முறை ஃப்ரேம் நான்தான் செலக்ட் பண்ணுவன், சேர்" என்று எழுதியிருந்தாள்.

லேசர் செய்த சகோதர சகோதரிகள் உங்கள் அனுபவத்தை, நல்லதோ கெட்டதோ, கீழே எழுதுங்கள். இன்னொருவருக்கு உதவும். எந்த இடம் என்று பேர் போட்டுத் திட்ட வேண்டாம். செய்யப் போகிறவர்கள் இந்த ஏழு கேள்வியையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடத்தில் முற்பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.